டாங்கிளை மாற்றினால் வேகம் கூடுமா?

அலைகளோடு வாழ்தல் – 12

கணினிக் கடைகளில் விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய யுஎஸ்பி வைஃபை டாங்கிள்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. அட்டையில் 600, 1200, 1300 என்று கொட்டை எழுத்தில் எண்கள். வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு வாங்கியும் லேப்டாப்பில் 30-ஐத் தாண்டாமல் தவிப்பவருக்கு அந்த எண்களைப் பார்த்ததும் கை பர்ஸுக்குப் போகத்தான் செய்யும். வாங்கலாமா, வேண்டாமா? இந்த வாரம் அதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இணைய நிறுவனம் உங்கள் வாசல்வரை அனுப்பும் வேகத்தை டாங்கிள் உட்பட எந்த வைஃபை அடாப்டராலும் கூட்ட முடியாது. திட்டம் 40 எம்பிபிஎஸ் என்றால் 40தான். ரவுட்டர்வரை வந்து சேர்ந்ததைக் கணினிக்குள் கொண்டுவருவது மட்டுமே அடாப்டரின் வேலை. ஆனால் பல வீடுகளில் பாதிக்கு மேல் தொலைந்து போவது இந்தச் சில அடி தூரத்தில்தான். அதனால் கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

2010-களில் வந்த விலை குறைந்த லேப்டாப்புகளில் பெரும்பாலும் இருப்பது 2009-இல் வந்த 802.11என், அதாவது இன்று வைஃபை 4 என்று சொல்லப்படும் வகை. ஒரே ஆன்டெனா, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். சாதாரண 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அதன் உச்ச இணைப்பு வேகமே 72 எம்பிபிஎஸ். தரவுப் பொட்டலங்களுக்கு ஒப்புகை அனுப்புவது, அலைவரிசை காலியாகும்வரை காத்திருப்பது, வழியில் கெட்டுப்போனதை மறுபடி அனுப்புவது என்று இதிலேயே பெரும்பகுதி கழிந்துவிடும். கைக்கு வருவது 40, 45. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் அதுவும் இல்லை. 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு எல்லா ரவுட்டர்களும் அந்த மூன்றுக்குள்தான் அடங்கியாக வேண்டும். புளூடூத்தும் அங்கேதான், மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் அங்கேதான்.

இந்த நெரிசலுக்கு வெளியே இருப்பது 5 கிகாஹெர்ட்ஸ். இந்தியாவில் 2018 அக்டோபரில் அந்தப் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு உரிமம் இல்லாமலே பயன்படுத்த அரசு அனுமதித்தது. இன்று நம் ஃபோன்கள் வேகமாக ஓடுவது பெரும்பாலும் அந்த வெளியில்தான். வைஃபை 5 அடாப்டர் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஓர் ஆன்டெனாவோடு 433, இரண்டோடு 867 எம்பிபிஎஸ் வரை பேசும். வைஃபை 6 இரண்டு ஆன்டெனாவோடு 1201. ஆகவே 100, 200, 300 எம்பிபிஎஸ் இணைப்பு இருந்து, லேப்டாப் பழைய வகையாகவும் இருந்தால், மாற்றுங்கள். வித்தியாசம் அன்றைக்கே தெரியும். திட்டம் 30, 40 என்றால் அந்தப் பணம் வேறு செலவுக்கு ஆகட்டும்.

இதில் பலரும் கவனிக்காத இன்னொரு பலன் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவதும் அதுதான். ஓர் அலைவரிசையில் பொதுவாக ஒரு சமயத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். தெருக்குழாயில் ஆளுக்கு ஒரு குடம் என்று முறை வைத்தால், வாய் குறுகிய குடத்தோடு வந்தவர் நிரப்பி நகரும்வரை மற்ற எல்லாரும் நின்றாக வேண்டும். வைஃபையிலும் அதே கதை. 1,500 பைட் பொட்டலம் ஒன்றை 6 எம்பிபிஎஸ்ஸில் அனுப்ப 2 மில்லிவிநாடி ஆகும், 433-இல் 0.03 மில்லிவிநாடிகூட ஆகாது. பிரான்ஸின் கிரனோபிள் நகர ஆய்வாளர்கள் 2003-இலேயே இதைக் காட்டினார்கள்: 11 எம்பிபிஎஸ்ஸில் இயங்கும் கணினிகளுக்கு நடுவே 1 எம்பிபிஎஸ்ஸில் ஒன்றே ஒன்று சேர்ந்தாலும் எல்லாமே 1-க்கும் கீழே இறங்கிவிடுகின்றன. நேரத்தைச் சமமாகப் பங்கிட்டு இந்தக் குறையைத் தணிக்கும் ரவுட்டர்கள் இப்போது உண்டு. எல்லா வீட்டிலும் இல்லை. கடைசி அறையில் பிள்ளை வைத்திருக்கும் பழைய லேப்டாப் மெதுவாக ஓடுவது பிள்ளையின் பிரச்சினை மட்டும் என்று நினைக்காதீர்கள். அதே 2.4-இல் இருக்கும் டிவியும், பாட்டியின் வீடியோ அழைப்பும் சேர்ந்தே திணறுகின்றன. அந்த லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு நகர்த்தினால் வீடே மூச்சுவிடும்.

இப்போது அட்டையில் உள்ள எண்கள். வைஃபை 5 வகையில் ஏசி1200 என்றால் 2.4-இல் 300, 5-இல் 867, இரண்டையும் கூட்டி மேலே தள்ளி எழுதியது. டாங்கிள் ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றில்தான் இணையும். இப்படிக் கூட்டி விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதற்குச் சமம் என்றே நான் கருதுகிறேன். அதைவிட, அது யுஎஸ்பி 2.0 டாங்கிள் என்றால் அந்தப் போர்ட்டின் ஏட்டளவு வேகமே 480. நடைமுறையில் 300 வாக்கில் நின்றுவிடும். யுஎஸ்பி 3.0 வாங்கினால் அதன் மின் இரைச்சல் 2.4 பகுதியைக் கெடுக்கும் என்பதை இன்டெல் 2012-இலேயே எழுதிவைத்திருக்கிறது. 5-இல் அந்தத் தொல்லை இல்லை. டெஸ்க்டாப்பின் முதுகில், இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையே குட்டி டாங்கிளைச் செருகாதீர்கள். ஒரு சிறிய எக்ஸ்டென்ஷன் கம்பி போட்டு மேசைமேல் வையுங்கள்.

லேப்டாப்பைத் திறந்து உள்ளே இருக்கும் கார்டையே மாற்றுவது இன்னும் நல்லது. ஆனால் இன்டெல் ஏஎக்ஸ்200-உம் ஏஎக்ஸ்201-உம் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். 201 அதற்கென அமைந்த இன்டெல் போர்டில் மட்டுமே உயிர்பெறும். சில பழைய லேப்டாப்புகள் தங்கள் பயாஸ் பட்டியலில் இல்லாத கார்டை ஏற்கவே மாட்டா. கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் ரவுட்டரில் 5 இல்லாவிட்டால் பயனில்லை. ஃபைபரோடு தரப்படும் பெட்டிகளில் 2.4 மட்டும் உள்ளவை இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த வீட்டில் மாற்ற வேண்டியது பெட்டியைத்தான். 5-க்கும் ஒரு பலவீனம் உண்டு: சுவரைத் தாண்டுவதில் 2.4-ஐவிட அது மோசம். இரண்டு கனத்த சுவர்களும் ஓர் இரும்பு பீரோவும் குறுக்கே இருந்தால், புது அடாப்டரும் பழைய 2.4-க்கே திரும்பிவிடும். அங்கே ரவுட்டரைக் கூடத்துக்கு நகர்த்துவதே செலவில்லாத வைத்தியம்.

பணம் கொடுக்கும் முன் லேன் கம்பியை ரவுட்டரில் செருகி லேப்டாப்பில் வேகம் பாருங்கள். அதிலேயே குறைவு என்றால் நிறுவனத்திடம் கேளுங்கள். 94, 95-இல் அசையாமல் நின்றால் போர்ட்டோ கம்பியோ 100-க்கு மேல் தாங்காத வகை. பிறகு கம்பியை எடுத்துவிட்டு, ரவுட்டர் இருக்கும் அறையிலேயே வைஃபையில் பாருங்கள். பக்கத்தில் ஃபோனை வைத்து அதிலும் பாருங்கள். ஃபோன் நன்றாக ஓடி லேப்டாப் மட்டும் நொண்டினால் குற்றவாளி அடாப்டர்தான். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் வைஃபை பகுதியைத் திறந்தால் எந்த வகையில் இணைந்திருக்கிறது என்பதும் தெரியும், அங்கே 802.11என் என்று இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

அந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். 2.4 மட்டும் உள்ள, அட்டையில் 150 என்று போட்ட டாங்கிளை மலிவு என்பதற்காகத் தயவுசெய்து வாங்காதீர்கள்.

(தொடரும்)