எலிவாலும் ஈட்டிமுனையும்

லண்டனின் தென்பகுதியில் உள்ள பெர்மாண்ட்ஸி சதுக்கத்தில் வெள்ளிக்கிழமைதோறும் அதிகாலையிலேயே பழம்பொருள் சந்தை கூடிவிடும். மேசைகளின் ஓரத்தில் கறுத்துப்போன கரண்டிகளும் முள்கரண்டிகளும் ஒரே தட்டில் குவிந்து கிடக்கும். அந்தக் குவியலில் எப்போதாவது விசித்திரமான ஒரு கரண்டி அகப்படும். நீளம் சுமார் 14 செ.மீ. கிண்ணப்பகுதி முழுக்கத் துளைகள். காம்பு போகப் போக மெலிந்து, நுனியில் ஈட்டிமுனைபோல் கூர்ந்திருக்கும். துளையுள்ள கரண்டியால் எதை அள்ளுவது? குத்தும் முனையை எப்படிப் பிடிப்பது? பலரும் அதை உடைந்த சாமான் என்று நினைத்துத் திரும்ப வைத்துவிடுவார்கள்.

அது ‘மோட் ஸ்பூன்’. மோட் என்றால் துரும்பு. 1690களிலிருந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகள் இங்கிலாந்தின் வசதியான வீடுகளில் தேநீர் மேசையில் இது இருந்தது. சீனத்திலிருந்து பெட்டியில் வந்த தேயிலையில் இலை, காம்பு, தூள் எல்லாம் கலந்திருக்கும். கோப்பையில் ஊற்றியதும் துரும்புகள் மேலே மிதக்கும். துளைக்கரண்டியால் மேலாக அள்ளினால் தேநீர் வடிந்துவிடும், துரும்பு மட்டும் தங்கும். ஈட்டிமுனைக்கு வேறு வேலை. அந்தக்காலத் தேநீர்க் குடுவையில் மூக்கு தொடங்கும் இடத்தில், உட்புறமாகச் சல்லடைபோலச் சில துளைகள் இருக்கும். ஊறிப் பருத்த இலை அதை அடைத்துக்கொள்ளும். ஈட்டிமுனையை மூக்கின் வழியே செலுத்திக் குத்தினால் அடைப்பு விலகும். ஒரே கருவியில் இரண்டு வேலையை முடித்த அந்தத் தட்டானின் யோசனை இன்றைக்கும் வியக்கத்தக்கது. கோப்பைக்கு மேலே பிடிக்கும் வடிகட்டி 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பரவியதும் இந்தக் கரண்டி மறைந்துபோனது.

பழைய வெள்ளியை அடையாளம் காண விரும்புகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘இது என்ன வேலை செய்தது’ என்பதுதான். முத்திரையைத் தேடுவது அதற்குப் பிறகு.

குட்டைக் காம்புக் கரண்டியை எடுத்துக்கொள்வோம். உள்ளங்கையில் அடங்கிவிடும்; கிண்ணம் அகலமாக இருக்கும். கிளிஞ்சல், இலை, குதிரை ஓட்டுபவரின் தொப்பி, விரித்த கை என்று பல வடிவங்களில் செய்தார்கள். குழந்தைக்குச் சோறூட்டும் கரண்டி என்று ஏமாறக்கூடும். உண்மையில் இது தேயிலை அள்ளுவதற்கானது. தேயிலை விலை மிகுந்த சரக்கு என்பதால் பூட்டுப்போட்ட சிறு பெட்டியில் வைத்தார்கள். மூடிய பெட்டிக்குள் கிடக்க வேண்டுமென்பதால்தான் காம்பு குட்டையானது. அந்தப் பெட்டிக்குக் ‘கேடி’ என்று பெயர். ஏறக்குறைய 600 கிராமைக் குறிக்கும் ‘காத்தி’ என்ற மலாய் எடைச்சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

1784இல் பிரதமர் வில்லியம் பிட் தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாக இறக்கினார். தேநீர் நடுத்தர வீடுகளுக்கும் எட்டியது, கரண்டிகளின் தேவை பெருகியது. பர்மிங்காம் பட்டறைகள் மெல்லிய தகட்டை அச்சில் அடித்து ஆயிரக்கணக்கில் செய்து தள்ளின. அதே ஆண்டில் அதே பிட், வெள்ளிப் பொருள்களுக்கு அவுன்ஸுக்கு 6 பென்ஸ் வரி விதித்தார். அந்த வரி கட்டியதற்கு அடையாளமாக மன்னரின் தலையை முத்திரையாகக் குத்தினார்கள். வரி நீங்கிய 1890 வரை இது தொடர்ந்தது. ஆகவே மன்னர் அல்லது அரசியின் பக்கவாட்டுத் தலை இருந்தால், பொருள் பெரும்பாலும் 1784க்கும் 1890க்கும் இடைப்பட்டது என்று சொல்லிவிடலாம். வரலாற்றாசிரியனுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

மற்ற முத்திரைகளையும் பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு லென்ஸால் படித்துவிடலாம். நடக்கும் சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங் வெள்ளி, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு தூய வெள்ளி. சிறுத்தைத் தலை லண்டனையும் நங்கூரம் பர்மிங்காமையும் குறிக்கும். ஷெஃபீல்டுக்கு நெடுங்காலம் கிரீடம் இருந்தது. பர்மிங்காம், ஷெஃபீல்டு ஆகிய இரண்டு ஊர்களிலும் 1773இல்தான் வெள்ளியின் தரம் பார்க்கும் சோதனைச் சாலை ஏற்பட்டது. ஆண்டுக்கு ஓர் எழுத்து, செய்தவரின் பெயர் முதலெழுத்துகள் ஆகியவை உடன் வரும். நங்கூரம், சிங்கம், மன்னர் தலை, சிறிய ‘ஏ’, பக்கத்தில் ‘ஜே டி’ என்று இருந்தால் அது பர்மிங்காமின் ஜோசப் டெய்லர் 1798-99இல் செய்தது. ஒரு நகத்தளவு இடத்தில் ஊர், ஆண்டு, ஆள், தரம் நான்கும் பதிந்திருக்கின்றன!

மோட் கரண்டியில் இந்த வசதி இல்லை. காம்பு மெலிந்தது என்பதால் சிங்கமும் செய்தவர் முத்திரையும் மட்டும் இருக்கும், சிலவற்றில் அதுவும் முழுமையாக இராது. அப்போது கிண்ணத்தின் பின்பக்கம் பார்க்க வேண்டும். காம்பிலிருந்து கீழிறங்கும் ‘எலிவால்’ என்ற மேட்டுக்கோடு இருந்தால் பெரும்பாலும் 1730க்கு முந்தியது. துளைகள் வட்டமும் சிலுவையுமாக எளிமையாக இருந்தால் பழையது, கொடிபோல் சுருண்டால் பிந்தியது.

அரிய பொருள் என்றால் போலியும் வரும். பழைய சாதாரணத் தேக்கரண்டியைத் துளையிட்டு, காம்பை அராவி மோட் கரண்டியாக மாற்றியிருப்பார்கள். முத்திரை உண்மைதான், ஆனால் அராவிய இடத்தில் நசுங்கியோ நீண்டோ தெரியும். பல தலைமுறை துடைத்த துளையின் விளிம்பு மழுங்கியிருக்கும். புதிதாக இட்டது விரலை உறுத்தும். வெவ்வேறு கரண்டியின் காம்பையும் கிண்ணத்தையும் ஒட்டியிருக்கிறார்களோ என்ற ஐயம் வந்தால், இணைப்பில் வாயால் ஊதுங்கள். மூச்சின் ஈரம் படியும்போது பற்றவைத்த கோடு சட்டென்று புலப்படும்.

முலாம் பொருள்களில் எச்சரிக்கை இன்னும் அதிகம் வேண்டும். 1840இல் பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. பிறகு ‘ஈ பி என் எஸ்’ என்ற நான்கு எழுத்துகளைத் தனித்தனிச் சிறு கேடயங்களுக்குள் குத்தி, தூரத்தில் ஹால்மார்க் போலவே தோன்றச் செய்தார்கள். அது நிக்கல் கலவையின்மேல் பூசிய வெள்ளி. அந்த நான்கு எழுத்துகளைக் கண்டால் லென்ஸை மடக்கிவிடலாம். காந்தச் சோதனையை நம்பவேண்டாம்: வெள்ளியில் காந்தம் ஒட்டாது, செம்பிலும் பித்தளையிலும் ஒட்டாது.

இங்கிலாந்துச் சந்தையில் சில நேரம் சென்னைப் பொருளும் கிடைக்கும். அண்ணா சாலையில் மணிக்கூண்டுக் கட்டடத்தால் அறியப்பட்ட பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனம், 19ஆம் நூற்றாண்டில் தெய்வ உருவங்கள் புடைத்த ‘சுவாமி’ பாணித் தேநீர்ச் செட்டுகளைச் செய்தது. அவற்றில் சிங்கத்தையும் ஆண்டெழுத்தையும் தேடக் கூடாது. நிறுவனத்தின் பெயர் முத்திரைதான் அங்கே ஆதாரம்.

வாங்கிய பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நம் பழக்கப்படி விபூதி போட்டுப் பளபளவெனத் தேய்க்காதீர்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் வெள்ளி கொஞ்சம் போகிறது, முத்திரையும் மழுங்குகிறது. வெதுவெதுப்பான நீரில் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். கறுப்பு அங்கங்கே இருந்துவிட்டுப் போகட்டும்.