அத்தை பொய் சொல்லவில்லை

ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து ஊர்களில் பலருக்கும் பழகிய காட்சி இது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி தெருவில் போகிறவரைக் கூப்பிட்டு, "இவ எனக்குச் சோறே போடறதில்லீங்க, காலையிலிருந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை" என்கிறார். கேட்டவர் நம்பிவிடுகிறார். அரை மணி நேரத்துக்கு முன்புதான் மருமகள் களியும் கீரைக் குழம்பும் ஊட்டி, சேலையில் சிந்தியதைத் துடைத்துவிட்டுப் பாத்திரம் கழுவ உள்ளே போயிருப்பார். பொழுது சாய்வதற்குள் அந்தப் பேச்சு நாத்தனார் வீடு வரை போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த அத்தை பொய் சொல்லவில்லை. சாப்பிட்டது அவர் மூளையில் பதியவே இல்லை. டிமென்ஷியா என்று மருத்துவர்கள் சொல்லும் மறதி நோயில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது புதிய நினைவுகள்தான். ஐம்பது வருடத்துக்கு முன்பு நடந்த கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்பது அப்படியே இருக்கும். காலையில் சாப்பிட்டது இருக்காது. வெளியாள் வந்து ஐந்து நிமிடம் பேசினால் "நல்லாத்தானே பேசறாங்க" என்று தோன்றுவதும் இதனால்தான். இது ஊருக்குப் புரியாதவரை, கூட இருந்து பார்க்கிறவர்கள் நோயோடும் பழியோடும் சேர்த்தே மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

வயசானால் எல்லோருக்கும் வருவதா?

பெயர் சட்டென்று வாயில் வராமல் போவது, சாவியை வைத்த இடம் தெரியாமல் தேடுவது எல்லாம் வயதின் மறதி. அதற்குப் பயப்பட வேண்டாம். ஆயுசு முழுக்க வைத்த குழம்பின் பக்குவம் கைவிட்டுப் போவது, பழகிய சந்தையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது, பால் கணக்கு குழம்புவது, கேட்டதையே பத்து நிமிடத்தில் மறுபடி கேட்பது, நகையைத் திருடிவிட்டதாக வீட்டு ஆட்களையே சந்தேகிப்பது ஆகியவை மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போனால் அது நோய். அல்சைமர் என்பது இதில் அதிகம் காணப்படும் வகை. ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் கட்டுப்படாமல் மூளையின் ரத்தக் குழாய்கள் கெட்டு வருவது இன்னொரு வகை. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு.

2023-இல் வெளியான, லாசி-டாட் என்ற முதியோர் ஆய்வின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் அதிகம். சின்ன வயதில் படிப்பு கிடைக்காததும் இந்த நோய்க்கான ஆபத்தைக் கூட்டும் என்பதால், பள்ளிக்கூடம் அனுப்பாமல் காட்டுவேலைக்கும் தறிக்கும் அனுப்பப்பட்ட நம் பாட்டிகளின் தலைமுறையை நினைத்தால் இதில் ஆச்சரியமில்லை.

முதலில் டாக்டரிடம் போக வேண்டியதற்கு ஒரு முக்கியமான காரணம் உண்டு. மறதி எல்லாமே டிமென்ஷியா ஆகிவிடாது. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, துணையை இழந்தபின் வரும் மனச்சோர்வு ஆகியவை இதே மாதிரி தெரியும். மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்தவருக்கு, வாரங்கள் கழித்து மண்டைக்குள் ரத்தம் கட்டிக் குழப்பம் வரலாம். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. மனச்சோர்வைத் தவிர மற்றவை ரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் தெரிந்துவிடும். நேற்றுவரை ஓரளவு இருந்தவர் இரண்டே நாளில் தாறுமாறாகப் பேசினால், அது சிறுநீர்த் தொற்றாகவோ உடம்பில் உப்பு குறைந்ததாகவோ இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலும், 2022-இல் திறந்த நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலும் மனநல மருத்துவர்களைப் பார்க்கலாம். சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கார் எடுத்து வரும் மகன் மட்டும் உள்ளே போனால் போதாது. தினமும் குளிக்க வைத்து ஊட்டுகிறவர் கட்டாயம் கூடப் போக வேண்டும். டாக்டர் கேட்கும் கேள்விகளுக்கு விடை தெரிந்தவர் அவர்தான்.

இதை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. டோனெபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்சகாலம் ஓரளவு கைகொடுக்கும். நினைவைத் திருப்பித் தருவதாகச் சொல்லி விற்கும் லேகியத்துக்கும் பொடிக்கும் கடன் வாங்கிச் செலவழிக்காதீர்கள். மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் தூக்க மாத்திரை அதைவிட மோசம். குழப்பத்தைக் கூட்டும், ராத்திரி எழுந்து விழுந்து இடுப்பெலும்பு உடையவும் வழி செய்துவிடும்.

பொழுது சாயும் நேரம்

நோயாளியோடு வாதாடி ஜெயித்தவர் யாரும் இல்லை. "இப்பத்தானே சாப்பிட்டீங்க" என்றால் அவருக்குக் கோபம்தான் வரும். "இதோ ஆயிருச்சுங்க அத்தை, அதுவரைக்கும் இதைத் தின்னுங்க" என்று ஒரு வாழைப்பழத்தைக் கையில் கொடுத்தால் அடங்கிவிடுவார். பத்து வருடத்துக்கு முன் இறந்த கணவரை "எங்கே காணோம்?" என்று தேடுகிறவரிடம் "செத்துப் போயிட்டாரு" என்று ஒவ்வொரு முறையும் சொன்னால், ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் சாவு. "அப்பாருக்கு என்ன குழம்பு பிடிக்குங்க ஆயா?" என்று பேத்தி கேட்டால் பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

பலருக்குப் பொழுது சாயும்போது பதற்றம் கூடும். சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே "ஊட்டுக்குப் போகோணும்" என்று மூட்டை கட்டுவார்கள். இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போடுங்கள், டிவி சத்தத்தைக் குறையுங்கள், கையைப் பிடித்து வாசலில் ஒரு நடை கூட்டிப்போய்த் திரும்புங்கள். மாடு வைத்துப் பழகிய தாத்தா விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து தோட்டத்துப் பக்கம் கிளம்பிவிடுவார். நம் பக்கத்துத் தோட்டங்களில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் இருக்கின்றன. கதவுக்குக் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள், கிணற்றுக்கு வேலி போடுங்கள். சட்டைப் பையின் உள்பக்கம் போன் நம்பரைத் தைத்துவையுங்கள். பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள், அக்கம்பக்கத்து வீடுகள் எல்லோரிடமும் மூடி மறைக்காமல் நோயைச் சொல்லிவையுங்கள். காணாமல் போனவரை நாலு பேராகத் தேடிப்பிடிப்பது அவர்கள்தான்.

குளியல் பெரும்பாடு. தலையில் சொம்புத் தண்ணீரைச் சட்டென்று ஊற்றினால் பயந்து அடிக்கவே வருவார்கள். முக்காலியில் உட்காரவைத்து, வெதுவெதுப்பான தண்ணீரை முதலில் பாதத்தில் விட்டு, மெல்ல மேலே வர வேண்டும். மேலே ஒரு துண்டு போர்த்தியபடியே குளிப்பாட்டினால் கூச்சம் குறையும். ஒரு நாள் மறுத்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும். குளியலுக்காகச் சண்டை வேண்டாம்.

சாப்பாட்டைப் படுத்த வாக்கில் ஊட்டக் கூடாது, புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். சர்க்கரை மாத்திரை அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் மறந்துபோய் இரண்டு முறை போட்டுக்கொள்வார். சித்திரை வெயிலில் தாகம் என்று கேட்கத் தெரியாது. மோர், கம்பங்கூழ் என்று எதையாவது மணிக்கொரு தரம் நாமே கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பெயர் மறந்தாலும் கை பழகிய வேலை நெடுநாள் போகாது. மகளை யாரென்று தெரியாத ஒரு நெசவாளிப் பாட்டியை ராட்டைக்கு முன் உட்காரவைத்தால், நூலறுந்த இடத்தை விரலாலேயே கண்டு முடிச்சுப்போட்டுத் தார் சுற்றிக்கொண்டே போவார். காட்டுவேலை செய்தவருக்கு ஒரு முறம் நிலக்கடலை உரிக்கக் கொடுக்கலாம். சுற்றிய தார் தறிக்கு உதவுமா என்று பார்க்காதீர்கள். அந்த ஒரு மணி நேரம் அவரும் அமைதி, வீடும் அமைதி.

தறிச் சத்தமும் காதும்

லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் இந்த நோயை வரவழைக்கும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றையெல்லாம் சரிசெய்தால் உலகில் சுமார் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, புகை, அதிகக் குடி எல்லாம் அதில் உண்டு. நம் ஊருக்கு முக்கியமாக நான் நினைப்பது வேறொன்று: காது கேளாமை. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறிச் சத்தத்தில் வருடக்கணக்காக நின்றவர்களுக்குக் காது மந்தமாவதை யாரும் ஒரு நோயாகவே எடுத்துக்கொள்வதில்லை. கேட்காதவர் பேச்சிலிருந்து ஒதுங்குவார், தனிமைப்படுவார், மூளைக்கு வேலை குறைந்துவிடும். தறியில் நிற்கும்போது காதடைப்பான் போடுங்கள். மந்தம் தெரிந்தால் காதுக் கருவி வாங்கிக்கொடுங்கள். கண்புரையை வளரவிடாமல் ஆபரேஷன் செய்துவிடுங்கள். பார்வைக் குறைவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. அந்த மாத்திரைகளை விடாமல் போடுவது மூளைக்கும் காவல்.

ஒருவர் தலையில் முழுப் பாரம்

கொங்குப் பக்கம் ஒன்று இரண்டு பிள்ளையோடு நிறுத்திக்கொண்ட தலைமுறைதான் இப்போது பெற்றோரைப் பார்க்கிறது. மகன் போர்வெல் ரிக் வண்டியோடு வடநாட்டில் மாதக்கணக்கில் இருப்பார், அல்லது லாரியில், அல்லது பெங்களூரில். மகள் கட்டிக்கொடுத்த ஊரில். மிஞ்சுவது மருமகள் ஒருவர். அவருக்கே வயது ஐம்பதைத் தொட்டிருக்கும், அவருக்கே பிரஷர் இருக்கும். தறிக்கோ கோழிப்பண்ணைக்கோ போய்ச் சம்பாதித்ததை விட்டுவிட்டு வீட்டில் இருப்பார். ராத்திரி நாலு முறை எழுந்திருப்பார். ஒரு நாள் பொறுமை இழந்து கத்திவிட்டு, பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுவார். இந்த நோயைப் பற்றி நான் சொல்ல நினைப்பதில் முக்கியமானது இதுதான்: ஒரே ஆளை இதைத் தனியாகச் சுமக்க விடுவது தப்பு. அவரும் படுத்துவிட்டால் வீட்டில் இரண்டு நோயாளிகள்.

வெளியூரில் இருக்கும் மகன், மகள்களுக்கு: நீங்கள் அனுப்பும் பணம் வேண்டியதுதான், ஆனால் வீட்டில் இருக்கும் மருமகளுக்கு அதைவிட அவசரமாக வேண்டியது தூக்கம். மாதத்துக்கு இரண்டு நாளாவது வந்து, மருமகளை அவர் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நீங்களே குளிப்பாட்டி, நீங்களே மலம் துடைத்துப் பாருங்கள். "இப்படிப் பார்த்தா ஆகாது, அப்படிப் பாருங்க" என்று போனில் சொல்லும் பழக்கம் தானாக நின்றுவிடும். அவர் வேலையை விட்டிருந்தால் அந்தக் கூலியை மாதாமாதம் அவர் கணக்கில் போடுங்கள். ஆண்பிள்ளை அம்மாவைத் தொட்டுக் குளிப்பாட்டக் கூடாது என்ற பேச்சையும் விட்டுவிடலாம்.

பார்த்துக்கொள்கிறவருக்கு: கை ஓங்கும் அளவு கோபம் வந்தால், அவரைப் பத்திரமாக உட்காரவைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே வந்து நில்லுங்கள். தூக்கமே வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், செத்துப்போனால் தேவலை என்று தோன்றினால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. முதியோருக்கான உதவிக்கு 14567. வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத கட்டம் வந்து நல்ல இல்லம் ஒன்றில் சேர்த்தால், அதைக் கைவிட்டதாக யாரும் பேச வேண்டியதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மத்தியானம் போய்ப் பார்த்துவிட்டு இடத்தை முடிவுசெய்யுங்கள்.

கையெழுத்து

நோயின் தொடக்கத்தில், அவருக்கு விவரம் தெரியும்போதே, நிலம், பாங்குக் கணக்கு, உயில் பற்றி எல்லாப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அவர் விருப்பத்தைக் கேட்டுவிடுங்கள். விவரம் போனபின் வாங்கும் கைநாட்டு சட்டப்படி நிற்காது, அண்ணன் தம்பியைக் கோர்ட்டில்தான் நிறுத்தும். வருமான வரி கட்டும் பிள்ளைகள், பழைய வரி முறையில் மூத்த குடிமகனான பெற்றோரின் டிமென்ஷியா சிகிச்சைச் செலவுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கழிவு கேட்கலாம். நோய் குறிப்பிட்ட தீவிரத்தைத் தாண்டியிருக்க வேண்டும், டாக்டரின் சான்று வேண்டும். ஆனால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் பார்கின்சன் நோய்க்கு இடம் உண்டு, டிமென்ஷியாவுக்குத் தனியாக இடமில்லை. இது மாற வேண்டும்.

நமக்கு வேண்டியது

தமிழ்நாட்டுக்கு முதியோர் மருத்துவம் புதிதல்ல. மருத்துவர் வ.செ. நடராசன் 1978-இலேயே சென்னை அரசு மருத்துவமனையில் முதியோருக்கெனப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறந்திருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் மருத்துவர் ஜேக்கப் ராய் 1992-இல் தொடங்கிய அல்சைமர் சங்கம் பல ஊர்களில் கிளைவிட்டது. ஆனால் எடப்பாடியிலோ பரமத்தியிலோ இருக்கும் மருமகளுக்குக் கிண்டி வெகு தூரம். அவருக்கு வேண்டியது, காலையில் மாமியாரை விட்டுவிட்டுத் தறிக்குப் போய்ச் சாயங்காலம் கூட்டிவருவதற்குப் பக்கத்தில் ஒரு பகல் பராமரிப்பு மையம். ஒரு செவிலியர், இரண்டு உதவியாளர், வேலி போட்ட ஒரு கட்டடம் இருந்தால் தாலுகாவுக்கு ஒன்று தொடங்கிவிடலாம். இதைக் கேட்டு அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். சேலம், நாமக்கல் கலெக்டர் அலுவலகங்களில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். மருமகளால் வீட்டை விட்டு வர முடியாது; அவருக்காக நீங்கள் போங்கள்.