ஊசித்தலையும் நூல்நுனியும்

இங்கிலாந்தில் குளிர்காலம் முடியும்போது பூத்துவிடும் செடி பிரிம்ரோஸ். தரையோடு படர்ந்த சுருக்க இலைகளுக்கு நடுவே வெளிர்மஞ்சள் பூக்கள். ஒரு செடியின் பூவை நேராகப் பார்த்தால் குழலின் வாயில் குண்டூசித் தலை போன்ற பச்சை உருண்டை தெரியும், அதுதான் சூல்முடி. அடுத்த செடியின் பூவில் அதே இடத்தில் ஐந்து மகரந்தப்பைகள் நெருங்கி நிற்கும். முதல் வகையைத் தோட்டக்காரர்கள் ‘பின்’ என்றார்கள். இரண்டாவதை ‘த்ரம்’ என்றார்கள். துணியை அறுத்தெடுத்த பின் தறியில் மிஞ்சும் பாவுநூல் நுனிகளுக்குத்தான் த்ரம் என்று பெயர்.

பெயர் முன்னே வந்தது. காரணத்தை 1862இல் சார்லஸ் டார்வின் விளக்கினார். பின் பூவில் சூல்முடி மேலே, மகரந்தப்பைகள் குழலுக்குள்ளே. த்ரம் பூவில் இது தலைகீழ். ஒரு வகையில் தேன் குடிக்கும் பூச்சியின் உடலில் மகரந்தம் ஒட்டும் இடமே, மறுவகையின் சூல்முடியில் போய் உரசும். இரு வகையும் கலந்தால் விதை நிறையப் பிடிக்கும். ஒரே வகைக்குள் என்றால் குறைவு.

பிரிம்ரோஸின் தோட்ட ரகங்களின் பெயர்களும் பின், த்ரம் போலத் தோற்றத்தைச் சொல்பவைதான். புல்லிவட்டம் இதழாகவே மாறி, ஒரு பூவுக்குள்ளிருந்து இன்னொரு பூ எழுந்தால் ‘ஹோஸ்-இன்-ஹோஸ்’, அதாவது காலுறைக்குள் காலுறை. புல்லிவட்டம் இலைகளாகப் பெருத்துப் பூவைச் சூழ்ந்தால் ‘ஜாக்-இன்-த-கிரீன்’. மே தின ஊர்வலத்தில் தழை போர்த்தி வருபவரின் பெயர் அது.

நார்சிசஸ் என்னும் டாஃபடிலில் கதை வேறு. ‘கிங் ஆல்ஃபிரட்’ என்று அரசர் பெயரைச் சொன்னால் பூ கண்முன் வராது. அதனால் பெயரோடு ஒரு குறியீடும் சேர்ந்தது. பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் நார்சிசஸை 13 பிரிவுகளாக வகுத்திருக்கிறது. ஒரு தண்டில் ஒரே பூ, நடுக் கிண்ணம் இதழ் அளவுக்கு அல்லது அதைவிட நீளம் என்றால் பிரிவு 1. கிண்ணம் இதழில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் பிரிவு 3. பிறகு நிற எழுத்துகள்: முதலில் இதழுக்கு, கோட்டுக்கு அப்பால் கிண்ணத்துக்கு. ‘ஆக்டேயா’வின் குறியீடு 9 டபிள்யூ-ஒய்ஒய்ஆர்: வெள்ளை இதழ், மஞ்சள் கிண்ணம், அதன் விளிம்பு மட்டும் சிவப்பு.

ஆனால் குறியீடு சாயலைச் சொல்லுமே தவிர, ஆளைக் காட்டிக்கொடுக்காது. கிங் ஆல்ஃபிரட், டச்சு மாஸ்டர் இரண்டுக்குமே 1 ஒய்-ஒய்தான். கடையில் அரசர் பெயரில் விற்கும் கிழங்கு பல நேரம் டச்சு மாஸ்டராக இருக்கும்.