மீதி 84 எங்கே போச்சு?

"சித்தப்பா, கடைக்காரர் நம்மளை நல்லா ஏமாத்திட்டார்!"

அண்ணன் மகள் போனில் குமுறினாள். பிறந்தநாளுக்கு வாங்கிய புது மானிட்டர். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் 144 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. மாட்டிப் பார்த்தால், பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன்.

நோட்டின் ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு பந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி வரைந்து, பக்கங்களைச் சரசரவென்று விரலால் விட்டால் பந்து துள்ளும், செய்திருக்கிறீர்களா? (கணக்கு டீச்சர் பார்க்காதபோது.) மானிட்டருக்கும் அதே வேலைதான். அதில் எதுவும் நகர்வதில்லை. அசையாத படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நகர்வதாக நினைத்துக்கொள்வது நம் மூளை. வினாடிக்கு எத்தனை தடவை திரை தன் படத்தைப் புதுப்பிக்கிறது என்பதைத்தான் ஹெர்ட்ஸ் சொல்கிறது. மின்காந்த அலைகளைச் சோதனையில் காட்டிய ஜெர்மன் விஞ்ஞானி ஹைன்ரிச் ஹெர்ட்ஸின் பெயர் அது. பாவம், 1894-இல் 36 வயதிலேயே இறந்துவிட்டார்.

"மவுஸைப் பிடி. திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் விருட்டுனு இழு."

இழுத்தாள். அரை வினாடி ஆகியிருக்கும். அம்புக்குறி வழுக்கிக்கொண்டு போகவில்லை; தவளை மாதிரித் தாவிப் போனது. கணக்குப் போட்டோம். 60 ஹெர்ட்ஸ் என்றால் அரை வினாடியில் 30 படங்கள். திரையின் அகலம் 1920 புள்ளிகள். ஒரு தாவலுக்கு 64 புள்ளிகள். 144 என்றால் அதே நேரத்தில் 72 படங்கள்; தாவல் 27 புள்ளிக்கும் குறைவு. இங்கே தவளை நீளமாகத்தான் தாவியது. ஆக, ஓடுவது 60. கடைக்காரர் கொடுத்த மீதி 84 வீட்டுக்குள்ளேதான் எங்கோ தொலைந்திருக்கிறது.

சிபியு பெட்டியைத் திருப்பினேன். முதல் திருடன் அகப்பட்டான். கேம் படங்களை வரைவதற்கென்றே உள்ளே ஒரு கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது. இவளோ கேபிளை அதில் செருகாமல், மேலே இருக்கும் மதர்போர்டின் துளையில் செருகியிருந்தாள். பந்தி ஒரு கூடத்தில் நடக்க, இன்னொரு கூடத்தில் இலை போட்டு உட்கார்ந்த கதை.

இரண்டாவது, கேபிள். ஒரு படத்தில் 1920 பெருக்கல் 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சொல்ல 24 பிட். வினாடிக்கு 60 படம் என்றால் ஏறத்தாழ 299 கோடி பிட்டுகள் கேபிளில் ஓட வேண்டும். 144 என்றால் 717 கோடி! எல்லா வழியும் இத்தனை கூட்டத்தைத் தாங்காது. கையேட்டைப் புரட்டினால் பொடி எழுத்தில் இருந்தது: இந்த மானிட்டரில் ஹெச்டிஎம்ஐ வழியே 120 வரைதான், 144 வேண்டுமானால் டிஸ்ப்ளே போர்ட். அந்தக் கேபிள் பிரிக்காத பையோடு அட்டைப்பெட்டியிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. கையேட்டை யார்தான் படிக்கிறார்கள்?

பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு மாட்டுங்கள். டிஸ்ப்ளே போர்ட் பிளக்குகள் பலவற்றில் சின்னப் பித்தான் ஒன்று இருக்கும், அதை அமுக்கினால்தான் கழலும். தெரியாமல் முரட்டுத்தனமாக இழுத்தவர்களில் நானும் ஒருவன்.

கேபிளைக் கார்டில் செருகியதும் மானிட்டர் தன் ஜாதகத்தைக் கம்ப்யூட்டரிடம் நீட்டும்: என் அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, இத்தனை ஹெர்ட்ஸ் வரை எனக்கு முடியும். கம்ப்யூட்டர் வாங்கிப் படித்துவிட்டு, எதற்கு வம்பு என்று பல நேரம் 60-லேயே நின்றுவிடும். இங்கேயும் அப்படித்தான். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று உள்ளே உள்ளே போனால் 60-க்குக் கீழே 144 சமர்த்தாகக் காத்திருந்தது. தொட்டாள்.

மறுபடி மவுஸை இழுத்தாள். "ஐய், வெண்ணெய் மாதிரி போகுது!"

உடனே கேமைத் திறந்தாள். வினாடிக்கு எத்தனை படம் வரையப்படுகிறது என்று மூலையில் காட்டிய எண் 90-ஐத் தாண்டவில்லை. முகம் சுருங்கியது. அது மானிட்டரின் குற்றமில்லை. மானிட்டர் வினாடிக்கு 144 தடவை கை நீட்டுகிறது. காடு, மலை, எதிரிப் படை எல்லாவற்றையும் கார்டு வரைந்து முடிக்க வேண்டாமா? புதுப் படம் வராதபோது மானிட்டர் பழையதையே இன்னொரு முறை காட்டும். புல்லையும் நிழலையும் கொஞ்சம் எளிமையாக வரையச் சொல்லி கேமின் செட்டிங்ஸை மாற்றினோம். எண் ஏறியது.

அதற்குள் அண்ணன் வந்து ஒரு சினிமாவை ஓடவிட்டார். "எல்லாம் ஒரே மாதிரிதாண்டா தெரியுது. இதுக்கா இத்தனை காசு?"

அவர் சொன்னதும் சரிதான். சினிமாவை வழக்கமாக எடுப்பதே வினாடிக்கு 24 படங்களாகத்தான். 144-ஐ 24-ஆல் வகுத்தால் 6. ஒரே படம் ஆறு தடவை வந்து போகும், அவ்வளவே. 60 ஹெர்ட்ஸில் இரண்டரை தடவை வர வேண்டும். அரைத் தடவை காட்ட முடியாதே! அதனால் ஒரு படம் இரண்டு தடவை, அடுத்தது மூன்று தடவை என்று மாறி மாறி வரும்.

இதையெல்லாம் அண்ணனுக்குச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், மகள் மவுஸை அவர் கையில் திணித்துவிட்டாள். "அப்பா, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் விருட்டுனு இழுங்க."