வண்டிக்கு ஒரு கதவு, வாண்டுக்கு ஒரு கதவு

வீடு கட்டும்போது சமையல் மேடை எத்தனை அடி உயரம், பூஜை அலமாரி எந்தப் பக்கம் என்றெல்லாம் நம்மைக் கேட்பார்கள். கேட் என்று வந்தால் மட்டும், "அது உங்களுக்கு எதுக்கும்மா, நாங்க பாத்துக்கறோம்" என்று மேஸ்திரியும் வீட்டு ஆண்களும் ஒருநாள் சாயங்காலம் நின்றபடியே முடிவு செய்துவிடுவார்கள். அப்புறம் அந்தக் கேட்டை நாளுக்கு இருபது தடவை திறந்து மூடுவது யார்? அதில் ஏறி ஊஞ்சலாடுகிற பிள்ளையை இறக்கிவிடுவது யார்? நாம்தானே! அதனால் கேட் விஷயத்தைச் சற்று விவரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் இது வீட்டுக்கு வீடு வரும் கேள்வி. சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஷிப்டு ஷிப்டாக ஆள் ஏற்றும் வேன்களும் மினி பஸ்களும் ராத்திரி தங்குவது பெரும்பாலும் டிரைவர் அல்லது சொந்தக்காரர் வீட்டு வாசலில்தான். தேர்வாய்க் கண்டிகைப் பேட்டை வந்தபிறகு அந்தப் பக்கத்துக் கிராமங்களிலும் இதே கதை. திருவள்ளூரை ஒட்டிய காக்களூரிலும் அப்படித்தான். கொல்கத்தா நெடுஞ்சாலையோரம் விட்டுவிட்டு வந்தால் டீசலும் பாட்டரியும் காலையில் இருக்குமா என்று தூக்கம் வராது. ஆகவே வண்டி வீட்டுக்குள் வந்தாக வேண்டும்.

என் நாத்தனார் வீட்டில் இப்போது இன்னும் பெரிய வண்டி. அவள் வீட்டுக்காரர் பழைய ஸ்டாஃப் வேன் ஒன்றை விற்றுவிட்டு, ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடுகிற கேரவன் ஒன்றை வாங்கியிருக்கிறார். உள்ளே சோபா, படுக்கை, கண்ணாடி மேஜை, சின்னக் கழிவறை, கூரைமேல் ஏ.ஸி. சினிமாக்காரர்களுக்கு மட்டும் என்று இருந்த இந்த வண்டி, இப்போது கோயில் குளம் போகிற குடும்பங்களுக்கும் ஓடுகிறது. கேரளத்தில் 2021-ல் அரசே 'கேரவன் கேரளா' என்று ஒரு சுற்றுலாத் திட்டம் கொண்டுவந்தது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நம் ஊர் மாட்டுவண்டி போல இது வீட்டோடு நிற்கிற வாகனம்.

வண்டி வந்துவிட்டது. நாற்பதுக்கு அறுபது மனையில் வீடும் தளம் வரை எழும்பிவிட்டது. கேட் எத்தனை அடி? மேஸ்திரி, "பத்தடி போதும்மா, லாரியே போவும்" என்றார். வெல்டிங் பட்டறைக்காரர், "பன்னண்டு வெச்சுக்குங்க" என்றார். அவள் வீட்டுக்காரரோ, "பதினாறா போட்டுடலாம், ஒரு தொல்லையும் இல்ல" என்கிறார். இரண்டு வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நாத்தனார் என்னிடம் வந்தாள்.

"அண்ணி, நீங்க லாரிக்காரர் வீட்டுப் பொண்ணு. நீங்களே சொல்லுங்க."

என் அப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். அவர் சொல்வது ஒன்றே: "மூஞ்சி நுழைஞ்சா வண்டி நுழைஞ்சதா ஆயிடாது. பின் சக்கரத்தைப் பாரு." அதை அவளுக்குப் புரியவைக்கத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆயிற்று.

முதலில் வண்டியின் அகலம். இந்தியச் சட்டப்படி பொதுவாக ஒரு வண்டி 2.6 மீட்டருக்கு மேல் அகலம் இருக்கக்கூடாது. அதாவது எட்டரை அடி. அமெரிக்கச் சட்டமும் 102 அங்குலம், அதே எட்டரை அடிதான். ஐரோப்பாவில் 2.55 மீட்டர். ஆனால் ஒரு சூட்சுமம் உண்டு. இந்த அளவில் இருபக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிகள் சேர்த்தி இல்லை. முழு பஸ் அளவு கேரவன் என்றால் கண்ணாடியோடு சேர்த்துப் பத்தடியை எட்டிவிடும். மேஸ்திரியின் பத்தடிக் கேட்டில் அது நுழைந்தால் தூணில் சுண்ணாம்பு மிஞ்சாது. நாத்தனார் வீட்டு வண்டி வேன் அளவுதான். இருபத்துமூன்றடி நீளம், கண்ணாடியோடு அகலம் எட்டடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆர்.ஸி. புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொள்வதை விட, டேப்பைப் பிடித்துக் கண்ணாடி நுனியிலிருந்து கண்ணாடி நுனி வரை நீங்களே அளந்துவிடுங்கள்.

தூணுக்குத் தூண் எத்தனை அடி என்பது வேறு, திறந்தபின் சுத்தமாக நிற்கும் வழி வேறு. கீலும் கதவின் தடிமனும் சேர்ந்து அரை அடியை விழுங்கிவிடும். பட்டறையில் அளவு சொல்லும்போது, "திறந்தப்புறம் எவ்ளோ நிக்கும்?" என்று கேளுங்கள்.

அகலத்தை விட முக்கியமானது வாசலில் இருக்கிற தெரு. அறுபதடி ரோட்டில் வீடு என்றால் வண்டி நேராகத் திரும்பி நுழைந்துவிடும். அங்கே பன்னிரண்டடிக் கேட் தாராளம். நாத்தனார் வீட்டுத் தெரு இருபதடி. எதிர்ச் சாரியிலும் வீடுகள். வண்டி திரும்பும்போது முன் சக்கரம் போன தடத்திலேயே பின் சக்கரம் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். வண்டி நீளமாக ஆக, அந்த வெட்டும் அதிகம். தூணை இடிப்பது வண்டியின் முகம் அல்ல, இடுப்பு. என்ன, சிரிப்பு வருகிறதா? குறுகலான கதவில் பெரிய கட்டிலை நுழைத்துப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பதை விட ஒத்திகை நல்லது. காலியாக இருந்த ஒரு மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுபோனோம். நாத்தனாரும் நானும் கோலமாவால் தெருவின் இருபதடியைக் கோடு போட்டோம். தூண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு சவுக்குக் கழிகளை மண் நிரப்பிய பெயிண்ட் டப்பாவில் நட்டு நிறுத்தினோம். முதலில் பத்தடி. இரண்டு கழியும் விழுந்தன. பன்னிரண்டடியில் முன்னே பின்னே என்று நாலு தடவை ஆட்டி, வியர்வை வழிய உள்ளே போனார் அவள் வீட்டுக்காரர். விடிகாலை நாலரை மணிக்கு, அரைத் தூக்கத்தில், எதிர் வீட்டுச் சுவரை உரசாமல் அதைத் தினமும் செய்ய முடியுமா? பதினாலடி வைத்தபோது ஒரே ஒரு தடவை பின்வாங்கி நுழைந்துவிட்டது.

பிறகு பதினாலு அடியையும் மாற்றாமல், கழிகளை மட்டும் தெருக்கோட்டிலிருந்து ஐந்தடி உள்ளே தள்ளி நட்டேன். பின்வாங்கவே வேண்டியிருக்கவில்லை! கேட்டை உள்வாங்கிக் கட்டினால் திரும்ப அவ்வளவு இடம் கூடுதலாகக் கிடைக்கிறது. இருபக்கச் சுவரையும் சதுர மூலையாக விடாமல் சாய்த்துக் கட்டினால் இன்னும் சௌகரியம். "அஞ்சடி நிலம் வீணா போகுதே" என்று மாமியார் ஆட்சேபித்தார். வீண் இல்லை. பிள்ளை ஓடிவந்து கேட்டைத் தாண்டினாலும் நேரே தெருவில் விழமாட்டான். அந்த ஐந்தடியில் நாம் எட்டிப் பிடித்துவிடலாம்.

அப்படியானால் பதினாறே போட்டால் என்ன? இங்கேதான் எனக்குப் பிடிவாதம். கேட் அகலமாக ஆக, கனமாகிறது. 1.6 மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்குப் பன்னிரண்டரை கிலோ. பதினாலுக்கு ஐந்தடிக் கேட்டுக்குத் தகடு மட்டுமே எண்பது கிலோவைத் தாண்டும். சட்டமும் குழாயும் பூ வேலையும் சேர்ந்தால் இன்னும் எவ்வளவோ. தினமும் அதை இழுப்பது நாமும், நம்மைப் பார்த்துப் பழகும் பிள்ளைகளும். கேட் சாய்ந்து குழந்தை இறந்த செய்தியைப் பேப்பரில் அவ்வப்போது படிக்கிறோம். படிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது. அந்தச் செய்திகளில் பல, பக்கவாட்டில் உருண்டு போகும் ஸ்லைடிங் கேட். கடைசியில் தடுப்புக்கட்டை இல்லாமல் போய், பிள்ளை வேகமாகத் தள்ள, கேட் தன் பிடியை விட்டு வெளியே வந்து அப்படியே சாய்கிறது.

ஸ்லைடிங் கேட் கூடாது என்று நான் சொல்லவில்லை. உள்ளே இடம் குறைவாக இருந்தால் அதுதான் வழி. ஆனால் பதினாலடிக் கேட் உருண்டு ஒதுங்க இன்னொரு பதினாலடி நீளச் சுவர் வேண்டும். முப்பதடி மனைக்கு அது ஒத்துவராது. போட்டால் இரண்டு முனையிலும் தரையில் கான்கிரீட்டோடு பதித்த தடுப்பு, மேலே பிடித்துக்கொள்ளும் உருளைகள், அவை தேய்ந்தாலும் கேட் சாயாதபடி தனியாக ஒரு இரும்புக் கம்பம், மூன்றும் இருக்கட்டும். "அப்புறம் வந்து வெச்சுத் தரேன்" என்று பட்டறைக்காரர் சொன்னால், அதுவரை பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

நாத்தனார் வீட்டில் உள்ளே இடம் இருந்ததால் ஏழும் ஏழுமாக இரட்டைக் கதவு முடிவாயிற்று. அது உள்பக்கம்தான் திறக்க வேண்டும். தெருப் பக்கம் திறந்தால் போகிற வருகிறவர் மேல் இடிக்கும். வண்டி நின்றபின் கதவு சாத்த ஏழடி இடம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். செங்கல் தூணில் இவ்வளவு கனத்தைத் தொங்கவிடக் கூடாது. கம்பி கட்டிய கான்கிரீட் தூண், அதற்குத் தனி அஸ்திவாரம். மேல் கீலின் முளையைத் தலைகீழாக வைக்கச் சொன்னேன். அப்படி வைத்தால் கதவு மேலெழும்பிக் கழன்று வராது. கதவுக்கடியில் ஒரு சக்கரம், அது ஓட வளைந்த தண்டவாளம். முழுத் தகடு வேண்டாம், மேல் பாதி கம்பியாக இருக்கட்டும் என்றும் சொன்னேன். 2016 டிசம்பரில் வர்தா புயல் எங்கள் பக்கம் அடித்த காற்றை மறக்க முடியுமா? முழுத் தகட்டுக் கேட் பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். பழவேற்காட்டு உப்புக் காற்றும் வருவதால், ரெட் ஆக்ஸைடு இரண்டு கை அடித்தபிறகுதான் பெயிண்ட்.

மேலேயும் பார்க்க மறக்காதீர்கள். கேட்டுக்கு மேல் அழகாக வளைவு கட்டி, மல்லிகைக் கொடி விட நாத்தனாருக்கு ஆசை. கூரைமேல் ஏ.ஸி. இருக்கிற வண்டி பத்தடிக்கு மேல் உயரம். வளைவு வேண்டாம் என்று விட்டாள். கொடி சுவரில் படரட்டும். வீட்டுக்கு வரும் மின்சார ஒயர் தாழ்ந்திருந்தால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து உயர்த்திக்கொள்ளுங்கள். வாசல் சாக்கடை மேல் போடும் மூடுபலகை ஸ்கூட்டருக்குப் போடுவது போல இருந்தால் வண்டி முதல் நாளே உள்ளே இறங்கிவிடும். கனத்தைச் சொல்லி இன்ஜினீயரிடம் கம்பிக் கணக்குக் கேளுங்கள்.

பெரிய கேட்டைத் தினமும் வண்டிக்கு மட்டும் திறப்பது; மனிதர்களுக்குப் பக்கத்தில் மூன்றரை அடியில் தனியாக ஒரு சின்னக் கேட். இதற்குத்தான் ஒருவரும் முதலில் ஒப்பவில்லை. "ரெண்டு கேட்டுக்கு ரெண்டு செலவு" என்றார் அவள் வீட்டுக்காரர்.

"அண்ணே, பால் வாங்கறதுக்கும் பள்ளிக்கூட ஆட்டோவுக்கும் நூத்தம்பது கிலோ இரும்பை அவ தினமும் இழுக்கணுமா?" என்றேன். மறுபேச்சு இல்லை. பிள்ளைகளும் பெரிய கேட் பக்கம் விளையாடப் போகிற பழக்கம் இதனால் குறையும்.

சின்னக் கேட்டின் தாழ்ப்பாளைத் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், வெளிப்பக்கம் வைக்கச் சொன்னோம். பெரியவர்கள் மேலே கை விட்டுத் திறக்கலாம், பையனுக்கு எட்டாது. கம்பிகளுக்கு நடுவே நாலு அங்குலத்துக்குக் குறைவான இடைவெளி, தலை நுழையாமல் இருக்க. குறுக்குக் கம்பிகளை ஏணிப்படி மாதிரி வைக்காமல் எல்லாம் நெட்டுக்குத்து. கீல் பக்கத்து இடுக்கில் விரல் மாட்டாமல் இருக்க ஒரு ரப்பர் பட்டை.

இனி வண்டி பின்னால் வரும் நேரம். உயரமான வண்டியின் பின்னால் நிற்கும் சின்னப் பிள்ளை எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. காமிரா வைத்திருக்கிறார்கள், மழையிலும் சேற்றிலும் அதுவும் மங்கிவிடும். நாத்தனார் வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு. வண்டிச் சத்தம் கேட்டதும் அவள் பையனைத் தூக்கிக்கொண்டு சின்னக் கேட்டுக்கு வெளியே, டிரைவர் கண்ணில் படுகிற இடத்தில் வந்து நிற்பாள். அவளையும் பையனையும் இரண்டு பேரையும் கண்ணால் பார்த்தபிறகுதான் அவள் வீட்டுக்காரர் ரிவர்ஸ் கியர் போடுகிறார். காட்டாவிட்டால் ஹாரன் அடித்துக்கொண்டு தெருவிலேயே நிற்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது அவர்கள் வீட்டுப் பாட்டியும் அதே நேரத்துக்குத் தங்கள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுகிறாராம்.