டேஷ்: தள்ளலா, தடுப்பா?

பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு ராத்திரி. இடையஞ்சாவடிப் பக்கம், முந்திரித் தோப்பை ஒட்டிய செம்மண் திடலில் மின்னொளி கபடி நடந்துகொண்டிருந்தது. மரக்காணம் உப்பளத்துப் பக்கமிருந்து ஒரு செட் வந்திருந்தது. புள்ளிகள் சமம், இரண்டு நிமிடம்தான் மிச்சம். உப்பளத்துப் பையன் பாடிப் போனான். கார்னரில் நின்றவனின் கையைத் தட்டிவிட்டு, நடுக்கோட்டைப் பார்த்து எடுத்தான் ஓட்டம். கவரில் நின்றவன் குறுக்கே பாய்ந்தான். தோள் இடுப்பில் மோதிய சத்தம், ஈரத்துணியைக் கல்லில் அடித்தாற்போலக் கேட்டது. இரண்டு பேரும் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி முன்வரிசை நாற்காலிகளுக்குள் போய் விழுந்தார்கள்.

விசில் ஒலித்தது. உடனே இரண்டு பக்கமும் ஆள் கூடிவிட்டது.

"சார், கைய வச்சுத் தள்ளுனான் சார்!"

"இல்ல சார், டேஷ் அடிச்சான். தோள்தான் பட்டுது!"

நடுவர் ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர். பதில் சொல்லாமல், மோதல் நடந்த இடத்தில் போய்க் குனிந்து தரையைப் பார்த்தார். அவர் எதைத் தேடினார் என்பதைப் புரிந்துகொள்ள, டேஷ் என்கிற வித்தையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும்.

கபடியில் ஆளை மடக்கப் பிடிகள் பல. கணுக்கால் பிடி, தொடைப் பிடி, இடுப்புப் பிடி, இரண்டு பேர் கைகோத்துப் போடும் சங்கிலி. இவை எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்று: பாடி வந்தவரை நிறுத்துவது. கார்னர் பிடிக்குப் பெரிய உடம்பு கூட வேண்டியதில்லை, கண்ணும் நேரமும் போதும். தஞ்சைப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைத் தாண்டியும் புரோ கபடியில் கார்னர் ஆடியது அந்தக் கண்ணாலும் நேரத்தாலும்தான். டேஷ் வேறு ஜாதி. டேஷ் அடிக்கிறவர் யாரையும் நிறுத்தப் பார்ப்பதில்லை. ஓடுகிறவர் ஓடட்டும், ஆனால் அவர் நினைத்த பக்கம் ஓடக்கூடாது. திசையை மாற்றிவிடுவதுதான் வேலை.

ஏன் நிறுத்தாமல் திருப்ப வேண்டும்? ஒரு கணக்குப் போட்டால் தெரியும். ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அந்த அகலத்தில் பக்கத்துக்கு 1 மீட்டர் லாபி. 75 கிலோ எடையுள்ளவர் நடுக்கோட்டை நோக்கி நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எடையை வேகத்தால் பெருக்கினால் வருவது உந்தம், இங்கே 300. எண்பது கிலோ தடுப்பாளர் அதே 4 மீட்டர் வேகத்தில் செங்குத்தாக, பக்கவாட்டில் வந்து மோதுகிறார். அவருடைய உந்தம் 320. மோதியபின் இருவரும் ஒட்டிக்கொண்டு நகர்வதாகக் கொண்டால், சேர்ந்த எடை 155 கிலோ. பக்கவாட்டு வேகம் நொடிக்கு 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, முன்னோக்கிய வேகம் 2 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. நேராக ஓடியவர் இப்போது ஏறக்குறைய 45 பாகை கோணலில் போகிறார்.

மோதல் எல்லைக்கோட்டிலிருந்து 1 மீட்டர் தள்ளி நடந்தால், அரை நொடியில் இருவரும் வெளியே. அந்த அரை நொடியில் பாடி வந்தவர் முன்னால் நகர்ந்தது 1 மீட்டர் கூட இருக்காது. நடுக்கோடு 2 மீட்டர் தூரத்தில் இருந்தால் அவர் அவுட். இதே மோதலைக் களத்தின் உள்ளே, எல்லையிலிருந்து 3 மீட்டரில் நடத்திப் பாருங்கள். வெளியே போக ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் அவர் முன்னால் கிட்டத்தட்ட 3 மீட்டர் போயிருப்பார். நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார், மோதியவரையும் சேர்த்து அவுட் ஆக்கிவிட்டு. கால் தரையில் உரசுவதை இந்தக் கணக்கு சேர்க்கவில்லை, இருந்தாலும் களத்தில் நடப்பதற்கு இது வெகு தூரமில்லை. நல்ல கவர் ஆட்டக்காரர் எல்லையோரத்துக்கு ஆள் வரும்வரை பொறுத்திருப்பது இதனால்தான். பையன்களுக்கு இந்தப் பெருக்கல் தெரியாது, உடம்புக்குத் தெரியும்.

இன்னொன்று, கால். ஓடுகிற மனிதன் பாதி நேரம் ஒற்றைக்காலில்தான் இருக்கிறான். அந்த நேரத்தில் அவன் எடை முழுவதும் ஒரு பாத அகலத்தின் மேல் நிற்கிறது. இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, எடை மையம் இருக்கிற இடத்தில் பக்கத்திலிருந்து இடித்தால், ஊன்றிய கால் தாங்காது. காலைத் தூக்கிய பக்கத்துக்கு உடம்பு சாயும், சாய்ந்ததைத் தாங்கக் கால் அதே பக்கம் போகும், அந்தப் பக்கம் கோடு இருக்கும். நெஞ்சில் இடித்தால் மேலுடம்பு மட்டும் வளையும். முட்டியில் இடித்தால் கால் முறியலாம். பழகினவர்கள் தோளைத் தாழ்த்தி, முட்டியை மடக்கி, தலையை ரைடரின், அதாவது பாடி வந்தவரின், முதுகுப் பக்கமாக ஒதுக்கிக்கொண்டு பாய்வார்கள். தலை முன்னால் போனால் அடி வாங்குவது தடுப்பாளரின் கழுத்துதான்.

தரையும் கணக்கில் சேரும். மண், எரு, மரத்தூள் கலந்த மெத்தென்ற தரை என்று பழைய விதிநூல் களத்துக்கு இலக்கணம் சொல்லும். நம் பக்கம் செம்மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, மணல் தூவி, சாயங்காலம் தண்ணீர் தெளிப்பார்கள். மண்ணில் கால் வழுக்கும். மோதலின் விசையில் ஒரு பங்கு அந்த வழுக்கலிலேயே கரையும். பெரிய போட்டிகளில் விரிக்கும் மேட் மீது ஷூ போட்டு ஆடும்போது பாதம் பிடித்துக்கொள்கிறது. திரும்ப வேண்டிய உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டுவது முட்டி. மேட் பாதுகாப்பானது என்று பொதுவாகச் சொல்கிறோம். விழுவதற்குப் பாதுகாப்பு, சரிதான். மூட்டுகளுக்கு அது வேறு சங்கதி.

இப்போது சட்டத்துக்கு வருவோம். பாடி வந்தவரின் கை, கால், உடற்பகுதி ஆகியவற்றைத்தான் பிடிக்கலாம். உடையையோ முடியையோ பற்றக்கூடாது. வாயைப் பொத்தி, தொண்டையை நெரித்துப் பாட்டை நிறுத்தக்கூடாது. இரண்டு கால்களால் கத்திரி போடக்கூடாது. காயம் உண்டாக்கும் மூர்க்கப் பிடி கூடாது. செய்தால் ரைடர் அவுட் இல்லை, நடுவர் பச்சை அட்டையில் எச்சரிப்பார், மஞ்சளில் 2 நிமிடம் வெளியே உட்கார வைப்பார், சிவப்பில் வீட்டுக்கு அனுப்புவார். இதுவரை சண்டைக்கு இடமில்லை.

சண்டை அடுத்த விதியில் இருக்கிறது. எதிராளியை வேண்டுமென்றே எல்லைக்கு வெளியே தள்ளவோ இழுக்கவோ கூடாது, தள்ளினவர் அவுட், தள்ளப்பட்டவர் அவுட் இல்லை என்று விதிநூல் சொல்கிறது. எழுத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடினால் டேஷே சட்டவிரோதம் என்று ஆகிவிடும். ஆனால் ஊர்த் திடல் முதல், 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக் வரைக்கும் டேஷுக்குப் புள்ளி கொடுக்கிறார்கள். எப்படி? களத்து வழக்கு ஒரு பிரிவினை வைத்திருக்கிறது. உடம்பைக் குறுக்கே கொண்டுபோய் வழியை அடைத்து, அந்த மோதலில் ஆள் வெளியே போனால் அது தடுப்பு. நின்ற இடத்திலிருந்து கையை நீட்டி, உள்ளங்கையால் முதுகிலோ நெஞ்சிலோ உந்தி அனுப்பினால் அது தள்ளல். முதலாவதில் தடுப்பாளர் தன் உடம்பையும் பணயம் வைக்கிறார். தப்பினால் எதிராளிக்குப் புள்ளி, சறுக்கினால் தானே வெளியே. இரண்டாவதில் அவர் பத்திரமாக நிற்கிறார். இந்தப் பிரிவினை நியாயமானது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில், தோளோடு கையும் சேர்ந்து வருகிறபோது, அதைப் பார்த்துச் சொல்வது கடினம். ஒரு ரெஃப்ரி, இரண்டு அம்பயர், ஒரு ஸ்கோரர், இரண்டு துணை ஸ்கோரர் என்று ஆறு பேர் இருந்தும் தகராறு வருகிறது.

உலகத்தின் மறுகோடியில், பனித்தரையில் ஆடும் ஐஸ் ஹாக்கியிலும் இதே வழக்குதான். அங்கே தோளால் மோதுவது ஆட்டத்தின் அங்கம். பக் என்கிற ஆட்ட வட்டை வைத்திருப்பவரை மட்டும்தான் மோதலாம், பின்னாலிருந்து கூடாது, தூரத்திலிருந்து ஓடிவந்து பாயக்கூடாது. 2000 மே மாதம், என்.ஹெச்.எல். பிளேஆஃப் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் நியூஜெர்ஸி அணியின் ஸ்காட் ஸ்டீவன்ஸ், பிலடெல்பியாவின் எரிக் லிண்ட்ரோஸைத் தோளால் இடித்தார். அடி தலையில் பட்டது. லிண்ட்ரோஸ் மூளை அதிர்ச்சியோடு பனியில் கிடந்தார். ஸ்டீவன்ஸுக்குத் தண்டனை எதுவும் இல்லை, ஏனென்றால் அன்றைய விதிப்படி அது சரியான மோதல். பத்தாண்டு கழித்து, 2010இல்தான் தலையைக் குறிவைத்து மோதுவதற்கு எதிராகத் தனி விதி எழுதினார்கள். நம் ஊரில் ஆடுகிற ஹாக்கியில் தோளால் இடிப்பதே தவறு. கபடிதான் அந்தப் பனி ஆட்டத்துக்குச் சொந்தக்காரன். அதிலும் கபடியில் பாடி வந்தவர் எந்நேரமும் பக் வைத்திருப்பவரைப்போல. அவரை எப்போது வேண்டுமானாலும் மோதலாம். ஆகவே, எப்படி மோதுவது என்கிற கேள்வி இங்கே இன்னும் முக்கியமாகிறது.

லாபியை மறந்துவிடக் கூடாது. யாரும் யாரையும் தொடாதவரை லாபி களத்தில் சேராது. தொட்ட கணத்தில்தான் அதற்கு உயிர் வரும். தொடும் முன்பே ரைடர் லாபியில் கால் வைத்துவிட்டால், அதற்கப்புறம் வந்து இடிக்கிற டேஷ் வெறும் இடிதான். இந்த ஒரு காலடி எவ்வளவு பெரிய வம்பைக் கிளப்பும் என்பதை 2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பார்த்தோம். இந்தியாவும் ஈரானும் இறுதி ஆட்டத்தில் 28-28. இந்தியக் கேப்டன் பவன் ஷெராவத் பாடிப் போய், யாரையும் தொடாமல் லாபிக்குள் கால் வைத்தார். ஈரான் தடுப்பாளர்கள் அவரை வெளியே தள்ளப் பின்னாலேயே பாய்ந்தார்கள். யார் யார் அவுட்? பவன் மட்டுமா, தொடுதல் இல்லாமல் லாபிக்குள் பாய்ந்த தடுப்பாளர்களுமா? இதற்குப் பழைய விதியா, புதிய விதியா என்ற கேள்வியில் நடுவர்களின் தீர்ப்பு மாறி மாறி வந்தது. வீரர்கள் களத்திலேயே உட்கார்ந்தார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் இந்தியா 33-29 என்று தங்கம் வாங்கியது. அந்த ஒரு மணி நேரம் முழுக்க வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நொடியில் லாபி உயிர் பெற்றது என்பதுதான் வழக்கே.

கோட்டுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதை விதியைப்போலவே கவனிக்க வேண்டும். பிடி களத்துக்குள் முடியும், டேஷ் பெரும்பாலும் வெளியேதான் முடியும். நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் போகும் இரண்டு உடம்புகள் கோட்டில் நின்றுவிடாது. அவை விழ, உருள, ஓய மூன்று நான்கு மீட்டர் வெற்றிடம் வேண்டும். கிராமத்துப் போட்டியில் அந்த இடத்தில் சவுக்குக் கம்பத்தில் டியூப் லைட், மைக்செட் பெட்டி, முன்வரிசையில் சப்பணமிட்ட சின்னப்பிள்ளைகள். 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே ஒரு ஊர்ப் போட்டியில் பாடிப் போன கல்லூரி மாணவர் ஒருவர் களத்திலேயே சரிந்து உயிரிழந்தார். அந்தக் காணொளி எல்லார் கைப்பேசிக்கும் வந்தது. அதற்குப் பிறகு நான் போகிற திடல்களில் முதலில் பார்ப்பது, கோட்டிலிருந்து கம்பம் எத்தனை அடி, ஆம்புலன்ஸ் நிற்கிறதா என்பதைத்தான்.

அன்று ராத்திரி மாஸ்டர் தரையில் பார்த்தது கால் தடங்களை. தண்ணீர் தெளித்த செம்மண் நன்றாகப் பதிவு வைத்திருந்தது. லாபிக் கோட்டுக்கு உள்பக்கம், களத்துக்குள், இரண்டு ஜோடிக் கால்கள் ஒன்றோடொன்று சேர்ந்த குழப்பம். அங்கிருந்து இரண்டு உழவுச்சால்கள் கோணலாக வெளியே போயின. ஒன்று ஆழம், ரைடரின் ஊன்றுகால். எல்லைக்கோட்டின் சுண்ணாம்பை அதுதான் முதலில் அழித்திருந்தது, மற்றது ஒரு சாண் பின்னால். தடுப்பாளர் முன்னதாக வெளியே போயிருந்தால் அவுட் அவன்தான். மாஸ்டர் பாடி வந்த பையனைக் கூப்பிட்டு, பனியனைத் தூக்கச் சொன்னார். இடுப்புக்கு மேலே தோள் பட்ட இடம் சிவந்திருந்தது. முதுகைத் திருப்பிப் பார்த்தார், அங்கே ஒன்றுமில்லை.

"மோதினது களத்துக்குள்ள. தோள்தான். வெளிய முதல்ல போனது உன் காலுப்பா. அவுட்."

உப்பளத்துச் செட்டில் பெரியவர் ஒருவர் முணுமுணுத்தார், மேலே பேசவில்லை. மாஸ்டர் உடனே விசில் ஊதவுமில்லை. முன்வரிசை நாற்காலிகளையும், சப்பணமிட்ட பிள்ளைகளையும் பத்தடி பின்னால் தள்ளிப் போகச் சொன்னார். லைட் கம்பத்தில் வைக்கோலைச் சுற்றிக் கட்டச் சொன்னார். ஐந்து நிமிடம் ஆயிற்று. அவுட் ஆன பையன் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே வந்து, தான் விழுந்து கவிழ்த்த நாற்காலியை நிமிர்த்தி, தூக்கிக்கொண்டு போய்ப் பின்வரிசையில் போட்டான்.