புலி வந்தது என்று சொல்லவும் பயம், சொல்லாமல் விடவும் பயம்

மூதூர் கிழக்கில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து விடியற்காலையில் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் எனக்கு ஏற்கனவே பழக்கமான, அறுபது வயதைத் தாண்டிய ஒரு விவசாயி. ஊரின் பெயரையோ தன் பெயரையோ எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

"தம்பி, கன்று ஒன்று செத்துக் கிடக்கு. நாயின்ர வேலை இல்லை. வந்து கழுத்தைப் பாருங்கோ."

நான் போய்ச் சேர்ந்தபோது பட்டியைச் சுற்றி இருபது பேர் வரை நின்றார்கள். ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒருவர் மூன்று நாளைக்கு முன்னர் குளக்கட்டில் கண்டதாகச் சொன்னார். இன்னொருவர் மோட்டார் சைக்கிள் வெளிச்சத்தில் வாலை மட்டும் கண்டாராம். எல்லோரும் தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள். அந்தச் சொல்லைச் சொல்லும்போது குரல் இன்னும் தாழ்ந்தது. புலி.

நம்மவர்கள் சிறுத்தையைப் புலி என்றுதான் சொல்வார்கள். ஆனால் முப்பது ஆண்டுப் போரைக் கடந்து வந்தவர்களுக்கு அது ஒரு மிருகத்தின் பெயர் மட்டுமல்ல. "புலியைக் கண்டேன்" என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அடுத்து வரும் கேள்விகள் வேறு மாதிரி இருந்திருக்கும். சிங்களத்திலும் இதே சிக்கல் உண்டு. இலங்கைச் சிறுத்தையின் விஞ்ஞானப் பெயர் பாந்தெரா பார்டஸ் கொட்டியா. அதன் கடைசிச் சொல் சிங்களத்திலிருந்து எடுக்கப்பட்டது. இன்று சிங்களத்தில் சிறுத்தையைத் 'திவியா' என்கிறார்கள். 'கொட்டியா' என்ற சொல் போர்க்காலத்தில் யாரைக் குறித்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

"பொலிசுக்குச் சொன்னீங்களா ஐயா?" என்று கேட்டேன்.

"என்னெண்டு சொல்லுறது? புலி வந்ததெண்டா?" என்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஆனால் யாரும் முறைப்பாடு செய்யவில்லை.

இலங்கையில் இருப்பது எது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். வரிப்புலி இன்று இலங்கைக் காடுகளில் இல்லை. சிங்கமும் இல்லை. இங்கே வாழும் பெரிய பூனையினம் சிறுத்தை ஒன்றுதான். வளர்ந்த ஆண் சிறுத்தை ஏறத்தாழ 56 கிலோகிராம் நிறை கொண்டது. பெண் அதன் பாதி அளவுதான், 29 கிலோகிராம் அளவில் இருக்கும். இந்தியாவில் சிறுத்தைக்கு மேலே வரிப்புலி உண்டு. இங்கே அதற்கு மேலே எதுவும் இல்லை. அதனால் இலங்கைச் சிறுத்தை பயமில்லாமல் தரையில் நடமாடும். இரையை மரத்தில் ஏற்றி வைக்க வேண்டிய தேவையும் அதற்குக் குறைவு.

சிறுத்தையைத் தவிர மூன்று சிறிய பூனையினங்களும் இங்கே உண்டு: மீன்பிடிப் பூனை, காட்டுப் பூனை, துருப்புள்ளிப் பூனை. திருகோணமலை மாவட்டத்தில் 'புலி' என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு மீன்பிடிப் பூனையாக இருக்கலாம் என்பது என் எண்ணம். அது குளங்கள், வயல் வாய்க்கால்கள், கண்டல் காடுகள் உள்ள இடத்தில் வாழும். கொட்டியாரக் குடாவைச் சுற்றியும் தம்பலகாமம், கிண்ணியா பக்கமும் இவை மூன்றும் நிறையவே உண்டு. உடலில் புள்ளிகளும் கோடுகளும் இருப்பதால் இரவு வெளிச்சத்தில் சிறுத்தைக் குட்டி போலத் தெரியும். ஒருமுறை தம்பலகாமம் வீதியில் வாகனம் அடித்துக் கிடந்த ஒன்றைப் 'புலிக்குட்டி' என்று சொல்லிக் கூட்டம் கூடியதை நானே கண்டிருக்கிறேன். வாலைப் பார்த்தால் போதும். மீன்பிடிப் பூனையின் வால் குட்டையானது, தடித்தது. சிறுத்தையின் வால் ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் நீளம்.

அந்தக் காலையில் நாங்கள் பார்த்தது மீன்பிடிப் பூனையின் வேலை அல்ல. கன்றின் தொண்டையில் ஆழமான பல் தடங்கள் இருந்தன. பின்னங்கால்களில் கடி இல்லை. கட்டாக்காலி நாய்கள் கூட்டமாகத் துரத்தினால் தொடையையும் வயிற்றையும் கண்டபடி கிழிக்கும். சிறுத்தை தொண்டையைப் பிடித்து மூச்சை அடக்கும். பட்டிக்கு வெளியே ஈரமண்ணில் ஒரு தடம் தெளிவாகப் பதிந்திருந்தது. வட்டமான தடம், நகக்குறி இல்லை. நாய், நரி ஆகியவற்றின் தடத்தில் நகம் பதியும். பூனையினம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் பார்த்தேன். தீப்பெட்டியின் நீளத்தை விடத் தடம் அகலமாக இருந்தது.

ஏன் இப்போது, ஏன் இங்கே?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட 2006ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரலில் சம்பூர்ப் பகுதி மீது குண்டுவீச்சு தொடங்கியது. மூதூர் கிழக்கு மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். வெருகல், வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, பின்னர் பலர் கிளிவெட்டி முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். 2007இல் சம்பூர் உயர் பாதுகாப்பு வலயமானது. 2015இல் 818 ஏக்கரும் 2016இல் கடற்படையிடமிருந்து 237 ஏக்கரும் விடுவிக்கப்பட்ட பின்னர்தான் பலர் தங்கள் காணிக்குத் திரும்பினார்கள். வடக்கே திரியாய் மக்களின் கதையும் இப்படித்தான். 1990இல் வெளியேறியவர்களில் ஒரு பகுதியினரே பின்னர் திரும்பி வந்தார்கள்.

பத்து, பதினைந்து ஆண்டுகள் மனிதர் கால் படாத வயல் பற்றையாகும். பற்றை காடாகும். அந்தக் காட்டுக்குள் பன்றி வரும், மான் வரும், முயல் வரும். அவற்றைத் தேடிச் சிறுத்தை வரும். நாங்கள் திரும்பி வந்தபோது அவை ஏற்கனவே அங்கே குடியிருந்தன. இந்த மாவட்டத்தின் மேற்கிலும் தெற்கிலும் கந்தளாய், முதலிக்குளம், சேருவில, சோமாவதி என்று காடு தொடர்ந்து கிடக்கிறது. சிறுத்தைக்கு எல்லைக்கல் தெரியாது.

மேய்ச்சல் தரை குறைந்து போனது இன்னொரு காரணம். வயல் விதைத்த காலத்தில் பட்டி மாடுகளைக் காட்டோரத்துக்குக் கொண்டு போவது கிழக்கின் பழைய வழக்கம். இப்போது அந்த இடங்கள் சுருங்கிவிட்டன. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரில் மட்டக்களப்புப் பண்ணையாளர்கள் தொடங்கிய போராட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். மேய இடமில்லாத மாடு காட்டுக்குள் இன்னும் உள்ளே போகிறது. அங்கே ஈன்ற கன்று சிறுத்தைக்குச் சுலபமான இரை.

பயம் எவ்வளவு நியாயம்?

கிழக்கில் ஒரு பழைய கதை உண்டு. கதையல்ல, நடந்தது. மட்டக்களப்பு மாவட்டத்தின் புணானையில் ஒரு சிறுத்தை குறைந்தது பன்னிரண்டு பேரைக் கொன்றது. 1924இல் ஷெல்டன் ஏகர் என்ற ஆங்கிலேயர் அதைச் சுட்டார். அதன் உடல் பாடம் செய்யப்பட்டுக் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. நூறு ஆண்டு கழிந்தும் இலங்கையில் ஆட்கொல்லிச் சிறுத்தை என்றால் அந்த ஒன்றைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அவ்வளவு அரிது. யானையால் இந்த நாட்டில் அண்மைய ஆண்டுகளில் ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள். யானையோடு வாழப் பழகிய நமக்குச் சிறுத்தை அதைவிடப் பெரிய ஆபத்து அல்ல.

ஆனால் வளைத்துப் பிடிக்கப்பட்ட சிறுத்தை வேறு. 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் நடந்ததை மறக்க முடியாது. ஊருக்குள் வந்த சிறுத்தை தாக்கிப் பத்துப் பேர் வரை காயப்பட்டார்கள். அவர்களில் வனஜீவராசிகள் திணைக்கள அலுவலரும் ஒருவர். கடைசியில் ஊரவர்கள் அதை அடித்துக் கொன்றார்கள். கொன்றதோடு நிற்காமல் அதனோடு நின்று படமெடுத்து முகநூலில் போட்டார்கள். அந்தப் படங்களே பின்னர் கைதுகளுக்கு வழி செய்தன. காயப்பட்டவர்களின் வலியும் உண்மை. அடித்தவர்களின் பயமும் உண்மை. ஆனால் அங்கே மிருகத்தை விடக் கூட்டம்தான் ஆபத்தை வளர்த்தது. தப்பிப் போக வழி விட்டிருந்தால் அது போயிருக்கக்கூடும்.

கம்பிக்கு ஆள் தெரியாது

சட்டம் தெளிவானது. தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி சிறுத்தையைக் கொல்வதும் அதன் தோலையோ பல்லையோ வைத்திருப்பதும் குற்றம். நாடு முழுவதிலும் வளர்ந்த சிறுத்தைகள் ஆயிரத்துக்கும் குறைவு என்றே ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

ஆனால் பெரும்பாலான சிறுத்தைகள் யாரும் கொல்ல நினைத்துச் சாவதில்லை. பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் சிக்கிச் சாகின்றன. 2020 மே மாதம் மலையகத்தின் நல்லதண்ணிப் பகுதியில் ஓர் அரிய கருஞ்சிறுத்தை அப்படித்தான் சிக்கியது. உடவளவைக்குக் கொண்டு போய்ச் சிகிச்சை அளித்தும் சில நாட்களில் இறந்தது. நம் பக்கத்தில் சுருக்கோடு பன்றிவெடியும் கட்டுத்துவக்கும் உண்டு. அவற்றில் மாடு போகிறது, நாய் போகிறது, சில வேளை மனிதனின் காலும் போகிறது. போரில் கால் இழந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்? இனியும் நாமே மண்ணில் பொறி புதைக்க வேண்டுமா?

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நம் நெல்லையும் சோளத்தையும் மரவள்ளியையும் அழிப்பவை பன்றியும் குரங்கும்தான். அவற்றை உண்பது சிறுத்தை. சிறுத்தை போனால் பன்றிக்கு யாரும் இல்லை.

செய்யக்கூடியவை

கன்றுகளை இரவில் தனியாக அடைக்க வேண்டும். அந்தக் கொட்டிலுக்குக் கூரை கட்டாயம். சிறுத்தை வேலியைத் தாண்டும். செத்த கால்நடையை வெளியே போடாமல் புதைக்க வேண்டும். வயற்காவலுக்குப் போகிறவர்கள் தரையில் படுக்காமல் பரணில் இருப்பது நல்லது. நேரே கண்டால் ஓட வேண்டாம், குனிய வேண்டாம். நிமிர்ந்து நின்று, சத்தமிட்டு, முகத்தைத் திருப்பாமல் மெல்லப் பின்வாங்குங்கள். வீட்டுக்குள் புகுந்தால் ஆட்களை வெளியே எடுத்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள். கூட்டம் சேர விட வேண்டாம்.

எல்லாவற்றிலும் முக்கியம், பதிவு. கிராம சேவகருக்கு எழுத்தில் கொடுங்கள். கால்நடை வைத்தியரை அழைத்து இறப்புக்குக் காரணத்தை எழுதி வாங்குங்கள். காயத்தையும் தடத்தையும் பக்கத்தில் ஓர் அளவுப் பொருள் வைத்துப் படமெடுங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் துரித இலக்கம் 1992. அன்று காலை ஓர் அலுவலகத்துக்கு நான் எடுத்தபோது தமிழில் பேச ஆள் கிடைக்க நேரம் எடுத்தது. கிடைத்தவரும் பிறகு எடுக்கச் சொன்னார். இதுதான் நம் நிலை. ஆனாலும் நாம் சொல்லாவிட்டால் நம் ஊரில் சிறுத்தையும் இல்லை, செத்த கன்றும் இல்லை என்றே கோப்புகள் சொல்லும். காணியைத் திருப்பிக் கேட்டபோது எழுத்தில் இருந்ததுதான் நமக்குக் கைகொடுத்தது. இதற்கும் அதுவே வழி.

அன்று பின்னேரம் கன்றைப் புதைத்தோம். செத்த கன்றில் பூச்சிமருந்து தடவி வைப்போம் என்று ஓர் இளைஞர் சொன்னார். ஐயா வேண்டாம் என்றார். "அது திரும்ப வரும்தான். நாங்களும் திரும்ப வந்தனாங்கள்தானே" என்றார். அடுத்த வாரம் போனபோது பட்டிக்குப் பழைய தகரத்தால் கூரை போட்டிருந்தார். கிராம சேவகருக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதியையும் காட்டினார். அதில் 'சிறுத்தை' என்றுதான் எழுதியிருந்தார்.

திரும்பி வரும்போது வேலியோரம் ஒரு கம்பிச் சுருக்கைக் கண்டேன். ஐயாவைப் பார்த்தேன்.

"அது பன்றிக்குத் தம்பி" என்றார். கொஞ்சநேரம் நின்றார். பிறகு குனிந்து அதைக் கழற்றத் தொடங்கினார்.